குடிக்க நல்ல தண்ணீர், குஞ்சுக்கு நல்ல தண்ணீரா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டி மீன்குஞ்சுப் பொரிப்பகம் நடத்துகிறோம். கட்லா, ரோகு, மிர்கால் மீன்கள். பொரித்த குஞ்சை விட்டு வளர்க்கும் நாற்றங்கால் குளத்துக்கு வாய்க்கால் தண்ணீர். மாமனார் தொடங்கியது, மூன்று வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். போன ஜூனில் முதல் பேட்ச் நன்றாக வந்தது. ஜூலையில் இரண்டாவதும் மூன்றாவதும் பொரித்த மூன்றாம் நாளே வெள்ளை வெள்ளையாக மிதந்துவிட்டன. கோவையில் ஒரு லேபில் தண்ணீரைக் கொடுத்தோம். எல்லாமே ‘வரம்புக்குள்’ என்று ரிப்போர்ட் வந்தது. மாமனாரும் ஒரு சொம்பு குடித்துப் பார்த்துவிட்டு, “தண்ணி தேனாட்டம் இருக்குது, தண்ணி மேல பழி போடாதே” என்றார். இப்போது அதே லேப் வருட ஒப்பந்தம் பேசுகிறது. 28 டெஸ்ட், மாதம் இரண்டு முறை. காலை 11 மணிக்குக் கூரியர் வந்து சாம்பிள் எடுத்துக்கொள்ளும், ஐந்து வேலை நாளில் ரிப்போர்ட். என்.ஏ.பி.எல். (லேபுகளுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். கையெழுத்துப் போடலாமா? வேறு எதையாவது சேர்க்கச் சொல்ல வேண்டுமா? (ஜூன் கடைசியில் புது போர் ஒன்று போட்டோம். கரண்ட் செலவு குறையட்டும் என்று மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றாமல் நேரே பொரிப்புத் தொட்டிக்கே பைப் இணைத்திருக்கிறோம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போது இருக்கிறபடி கையெழுத்துப் போடாதீர்கள். லேப் மோசம் என்று சொல்லவில்லை. அவர்கள் தரப்போவது குடிநீர்ப் பரிசோதனை. உங்களுக்குத் தேவைப்படுவது வேறு. ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினால் அதே லேபே போதும், பணமும் மிச்சமாகும்.

ஆனால் முதலில் போன வருடத்து சாவைப் பேசுவோம். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரியைக் கடைசியில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். முதல் பேட்ச் பிழைத்தது. அப்புறம் புது போர் வந்தது, அதன் தண்ணீர் நேரே பொரிப்புத் தொட்டிக்குப் போனது. அடுத்த இரண்டு பேட்சும் போயின. இதைப் படித்ததும் நான் ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

ஆழத்திலிருந்து வரும் போர்த் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் ஆக்சிஜன் லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் இருக்கும், சில போரில் அதுவும் இருக்காது. முட்டைக்கும் நுண்குஞ்சுக்கும் குறைந்தது 5 வேண்டும். கார்பன் டை ஆக்சைடு ஏராளமாகக் கரைந்திருக்கும். இரும்பு இருந்தால் அதுவும் நிறமில்லாமல் கரைந்தே வரும். காற்றுப் பட்ட பிறகுதான் பழுப்புத் துகளாகி முட்டை மேலும் குஞ்சின் செவுள் மேலும் படியும். இவற்றோடு நைட்ரஜன் வாயு. நிலத்தடி அழுத்தத்தில் கூடுதலாகக் கரைந்து கிடக்கும் வாயு, மேலே வந்து வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பானதும் வெளியேறப் பார்க்கும். கோலி சோடாவை உடைத்தால் குமிழ் கிளம்புகிறதே, அதே சங்கதி. குஞ்சின் உடம்புக்குள் போன தண்ணீரிலும் அது நடக்கும். தோலுக்கடியிலும் மஞ்சள்கருப் பையிலும் குமிழ் தங்கி, குஞ்சு கீழே இறங்க முடியாமல் மேலே மிதந்து சாகும். சித்தூர்ப் பக்கம் நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கிவிட்டது என்று உங்களுக்கே தெரியும். போரில் மட்டம் குறைந்து மோட்டார் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுத்தால் இந்தத் தொல்லை இன்னும் கூடும்.

உங்கள் மாமனார் கட்டிய மேல்நிலைத் தொட்டி இத்தனை நாளும் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. உயரத்திலிருந்து விழுந்து, தேங்கி, அப்புறம் இறங்கும்போது வேண்டாத வாயு வெளியேறி ஆக்சிஜன் உள்ளே வரும். கரண்ட் மிச்சம் பிடிக்கப் போய் அந்த வேலையை நிறுத்திவிட்டோம்.

மூன்றாம் நாள் என்பதில் இன்னொன்றும் இருக்கிறது. மஞ்சள்கரு தீர்ந்து குஞ்சு வாய் திறக்கும் நேரம் அது. நாற்றங்கால் குளத்தில் நுண்ணுயிர் இரை தயாராக இல்லாமல் பொரிப்புத் தொட்டியிலேயே தாமதித்தாலும் சாகும். இரண்டும் சேர்ந்தும் நடந்திருக்கலாம். எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அடுத்த முறை மிதக்கும் குஞ்சுகளை ஒரு வெள்ளைத் தட்டில் எடுத்துக் கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். உடம்பில் கடுகு நுனி அளவு பளபளப்பான குமிழ் தெரிந்தால் வாயுதான். போர்த் தண்ணீரைக் குழாய் வாயிலேயே ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். உள்சுவர் முழுக்கக் குமிழ் ஒட்டினால் அதுவும் ஒரு குறிப்பு. குறிப்பு என்றுதான் சொல்கிறேன், அதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம்.

இவை எதையும் உங்கள் லேப் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது. பாட்டில் மூடியைத் திறந்த கணமே வாயு போய்விடும். கார்பன் டை ஆக்சைடு வெளியேற வெளியேற பி.எச். (புளிப்பா காரமா என்று காட்டும் எண்) ஏறிக்கொண்டே போகும். உங்கள் தொட்டியில் 6.8 இருந்த தண்ணீர் கோவைக்குப் போய் மேஜை மேல் உட்காரும்போது 7.6 காட்டலாம். இரும்பு பாட்டிலின் அடியில் துருவாகப் படிந்திருக்கும்; வேலை அவசரத்தில் யாராவது மேல் தண்ணீரை மட்டும் தெளிவாக எடுத்தால் ‘இரும்பு இல்லை’ என்று வரும். பாதி பாட்டில் காற்றோடு குலுங்கி வந்ததால் ஆக்சிஜன் 7 என்றுகூட வரும். ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. அது பாட்டிலுக்குள் இருந்த தண்ணீரைப் பற்றிச் சொல்கிறது. அடியில் சின்ன எழுத்தில், ‘பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே இம்முடிவு பொருந்தும்’ என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள்.

இனி அந்த ‘வரம்புக்குள்’. எந்த வரம்பு என்று ரிப்போர்ட்டின் கடைசிக் கட்டத்தில் இருக்கும்: ஐ.எஸ். 10500. அது மனிதர் குடிக்கும் தண்ணீருக்கான இந்தியத் தரம். அதன்படி குழாய்த் தண்ணீரில் குளோரின் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். அந்த அளவு குளோரினை உங்கள் பொரிப்புத் தொட்டியில் விட்டால் நுண்குஞ்சு எதுவும் மிஞ்சாது. துத்தநாகம் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை அந்தத் தரத்துக்குச் சம்மதம். முட்டைக்கும் நுண்குஞ்சுக்கும் அதில் நூற்றில் ஒரு பங்குக்கே நாம் எச்சரிக்கையாக வேண்டும், அதுவும் கடினத்தன்மை குறைந்த தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். கரைந்த ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, நைட்ரைட் ஆகியவற்றுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. மாமனார் சொம்பில் குடித்துப் பார்த்ததும் லேப் பட்டியல் போட்டதும் ஒரே பரிசோதனைதான். தண்ணீர் அவருக்கு நல்லதுதான், அவர் சொன்னதில் தப்பில்லை.

இதில் எனக்கு ஒரு பழைய வலி உண்டு. பொள்ளாச்சிக்குத் தெற்கே மலையடிவாரத்தில் ஒரு பொரிப்பகம். ஆற்றுத் தண்ணீர், கடினத்தன்மை மிகக் குறைவு. குஞ்சு தங்கவில்லை என்று நான் வேலை பார்த்த லேபுக்கு சாம்பிள் வந்தது. துத்தநாகம் 0.4 என்று அளந்தோம். பக்கத்தில் வரம்பு 5 என்று அச்சாகியிருந்தது. ‘திருப்திகரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அடுத்த பேட்சும் அவருக்குப் போனது. பிறகு நேரில் போய்ப் பார்த்தபோதுதான் புதிதாகப் போட்ட ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வரிசை கண்ணில் பட்டது. எண்ணைச் சரியாக அளந்துவிட்டு அர்த்தத்தைத் தவறாகச் சொல்லியிருந்தேன். அந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அன்றிலிருந்து, சாம்பிள் கொண்டுவருகிறவரிடம் இந்தத் தண்ணீரில் என்ன வாழ்கிறது என்று கேட்காமல் நான் பாட்டிலை வாங்குவதில்லை.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம்.

லேபுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை முதலில் உங்கள் தொட்டியோரத்துக்குச் செலவழியுங்கள். ஒரு வெப்பமானி, ஒரு பி.எச். மீட்டர், அதைச் சரிபார்க்கும் 4, 7 பஃபர் கரைசல்கள், ஒரு ஆக்சிஜன் மீட்டர், அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் குளோரினுக்கும் நிறம் பார்க்கும் கிட். ஆக்சிஜன் மீட்டர்தான் விலை கூட. அதை வாங்க இப்போது கைகூடவில்லை என்றால் மருந்து விட்டு ஆக்சிஜனை அளக்கும் விங்க்லர் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். பள்ளியில் டைட்ரேஷன் செய்தவருக்கு அரை நாள் போதும்.

300 மில்லி கண்ணாடி பாட்டில், கண்ணாடி மூடி. ரப்பர் குழாயின் நுனியைப் பாட்டிலின் அடிவரை விட்டு, குமிழ் இல்லாமல் தண்ணீரை நிரப்பி, பாட்டில் கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு வழிய விட வேண்டும். பிறகு மாங்கனஸ் சல்பேட் 1 மில்லி, ஆல்கலி அயோடைடு அசைடு 1 மில்லி, இரண்டையும் தண்ணீருக்கு அடியில் பிப்பெட் நுனியை வைத்து விடுங்கள். மூடி, தலைகீழாகப் பத்துப் பதினைந்து தரம் புரட்டுங்கள். உள்ளே மேகம் மாதிரி ஒரு படிவு திரண்டு இறங்கும். கருப்பட்டிக் கரைசல் மாதிரி பழுப்பாக இருந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெளுத்த மோர் மாதிரி வெள்ளையாக இருந்தால் இல்லை. அவ்வளவுதான், மீதிக் கணக்குக்கு முன்னாலேயே கண்ணுக்கு விடை தெரிந்துவிடும். எத்தனையோ போர் வாயில் நின்று அந்த வெள்ளையைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிற்கிற பண்ணைக்காரர் அதைப் பார்த்த பிறகு நான் எதையும் விளக்க வேண்டியிருக்காது. இந்த அயோடைடு அசைடு நஞ்சு. கையுறை போடுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

நேரமும் முக்கியம். வாய்க்கால் தண்ணீர் விட்ட நாற்றங்கால் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவது விடிகாலை 5 மணிக்கு. பி.எச். உச்சத்துக்குப் போவது பிற்பகல் 3 மணிக்கு. கூரியர் 11 மணிக்கு வருகிறார். இரண்டு ஆபத்தும் கண்ணில் படாத நேரம் அது. அதனால் 5 மணிக்கும் 3 மணிக்கும் நீங்களே அளந்து நோட்டில் எழுதுங்கள். தேதி, நேரம், எந்தத் தொட்டி, வெப்பம், பி.எச்., ஆக்சிஜன், கடைசியில் ‘என்ன மாற்றினோம்’ என்று ஒரு கட்டம். அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதிய வரி அந்தக் கட்டத்துக்குரியது.

அம்மோனியாவுக்கு மட்டும் ஒரு கணக்குச் சொல்கிறேன். லேப் தருவது மொத்த அம்மோனியா. அதில் அயனியாகாத பங்குதான் குஞ்சைக் கொல்லும். 28 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7.5 என்றால் அந்தப் பங்கு நூற்றுக்கு 2, பி.எச். 8.8 என்றால் நூற்றுக்கு 30. மொத்தம் 1 மில்லிகிராம் என்று ரிப்போர்ட் சொன்னால், காலையில் கொல்லும் பங்கு 0.02, பிற்பகலில் 0.3. முதலாவதைக் குஞ்சு தாங்கிக்கொள்ளும், இரண்டாவதைத் தாங்காது. சாம்பிள் எடுத்த இடத்திலேயே பார்த்த பி.எச்.சும் வெப்பமும் இல்லாத அம்மோனியா எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

இப்போது ஒப்பந்தம். 28 டெஸ்ட், 24 முறை: ஆண்டுக்கு 672 டெஸ்ட் ஆகிறது. இதில் பாதி நீங்கள் பொரிப்பே செய்யாத மாதங்களில் நடக்கும். அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள். மே முதல் வாரத்தில் பழைய போர், புது போர், வாய்க்கால் குளம் மூன்றுக்கும் ஒரு முழு டெஸ்ட்: கடினத்தன்மை, காரத்தன்மை, கால்சியம், மெக்னீசியம், மொத்தக் கரை உப்பு, குளோரைடு, இரும்பு, மாங்கனீஸ், துத்தநாகம், தாமிரம், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், சல்பைடு. தென்மேற்குப் பருவமழை பிடித்து இரண்டு வாரம் கழித்து அதே பட்டியல் இன்னொரு முறை, ஏனென்றால் ஊற்று ஏறியதும் போர்த் தண்ணீரின் குணம் மாறும். 14 டெஸ்ட், மூன்று இடம், இரண்டு முறை: 84. ஜூன் முதல் செப்டம்பர் வரை வாரம் ஒரு முறை, இரண்டு இடத்தில், அம்மோனியா, நைட்ரைட், காரத்தன்மை மட்டும். உங்கள் கிட் சரியாகக் காட்டுகிறதா என்று ஒத்துப்பார்க்க அது உதவும். 17 வாரத்துக்கு 102. அவசரத்துக்கு ஐந்தாறு சாம்பிள் தனியாக வைத்துக்கொண்டாலும் எல்லாம் சேர்த்து இருநூறு சொச்சம் டெஸ்ட்தான். டெஸ்டுக்கு இவ்வளவு என்று விலை போடச் சொல்லுங்கள். பேக்கேஜ் விலை வேண்டாம்.

கோலிஃபார்ம் என்ற கிருமிப் பரிசோதனை கட்டாயம் என்று சொன்னால் அது வீட்டுக் குடிநீருக்கு ஒரு முறை போதும். அதோடு ஃப்ளோரைடும் பார்த்துவிடுங்கள். உங்கள் கிழக்குப் பகுதிப் போர்களில் ஃப்ளோரைடு கூடுதல் என்பது தெரிந்த விஷயம், மாமனாரும் அதைத்தான் சொம்பில் குடிக்கிறார். 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க வேண்டாம். இது மீனுக்காகச் சொல்லவில்லை.

பாட்டில்களை லேபே தர வேண்டும் என்று எழுதுங்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக் கொடுப்பது இதோடு நிற்கட்டும். உலோகங்களுக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலமும், அம்மோனியாவுக்கானதில் கந்தக அமிலமும் முன்பே விட்டிருக்கும். அவற்றை அலசக் கூடாது, வழிய விடக் கூடாது, கையில் பட்டால் சுடும். சல்பைடுக்கு ஜிங்க் அசிடேட் விட்ட பாட்டில் தனி. நைட்ரைட்டுக்கு அமிலம் கூடாது; ஐஸில் வைத்து எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், மிஞ்சிப்போனால் 48 மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். இதற்காகத்தான், சாம்பிள் எடுத்த நேரம், லேபுக்கு வந்த நேரம், வந்தபோது இருந்த வெப்பம், டெஸ்ட் செய்த நேரம் நான்கும் ரிப்போர்ட்டில் வர வேண்டும் என்று ஒரு ஷரத்துப் போடச் சொல்கிறேன். சனிக்கிழமை போன சாம்பிள் திங்கள் வரை கிடக்கும். ஆகவே திங்கள் முதல் புதன் வரை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஹர்த்தால் நாளில் கூரியர் வராது. எடுத்து வைத்த சாம்பிளை அடுத்த நாள் அனுப்பாமல், புதிதாக எடுத்து அனுப்புங்கள். வேலந்தாவளம் வழியாகக் கோவை எட்டும் தூரம்தான். முக்கியமான சாம்பிளை தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு உங்கள் ஆள் பைக்கில் கொண்டுபோய்க் கொடுப்பதே மேல்.

என்.ஏ.பி.எல். அங்கீகாரம் நல்ல விஷயம், ஆனால் அது லேப் முழுமைக்கும் போட்ட முத்திரை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லேபுகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 17025 படி எந்தெந்த டெஸ்டுக்கு, எந்த முறையில், எந்த அளவு வரம்புக்கு அங்கீகாரம் என்று தனிப் பட்டியல் உண்டு, என்.ஏ.பி.எல். இணையதளத்திலேயே பார்க்கலாம். மே மாதப் பட்டியலில் உள்ள 14 டெஸ்டில் எத்தனை அதில் இருக்கின்றன என்று டிக் அடித்துப் பாருங்கள். எதையாவது வெளி லேபுக்கு அனுப்பிச் செய்வதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி உங்கள் சம்மதம் வாங்க வேண்டும் என்பதும் அந்தத் தரத்தில் இருக்கிறது. அதையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

‘பி.டி.எல்.’ என்ற மூன்று எழுத்தை மட்டும் சும்மா விடாதீர்கள். கண்டறியும் அளவுக்குக் கீழே என்று பொருள். எவ்வளவுக்குக் கீழே? அவர்கள் கருவி துத்தநாகத்தை 0.5-க்கு மேல்தான் காணும் என்றால், 0.4 இருந்தாலும் பி.டி.எல். என்றுதான் வரும். ஒவ்வொரு டெஸ்டுக்கும் கண்டறியும் அளவை எண்ணாகக் கேட்டு ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் போடுங்கள். துத்தநாகம், தாமிரம் இரண்டுக்கும் 0.01 வரையாவது பார்க்க முடிகிற லேபாக இருக்க வேண்டும். வரம்புக் கட்டத்தில் ஐ.எஸ். 10500 வேண்டாம், நீங்கள் தரும் வரம்பை அச்சடிக்கட்டும், இல்லையென்றால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

ஐந்து வேலை நாள் என்பதும் உங்களுக்கு ஒத்துவராது. முட்டை விட்டு 14 முதல் 18 மணி நேரத்தில் பொரித்து, மூன்றாம் நாளில் தொட்டியை விட்டுக் கிளம்புகிற உயிர் அது. ரிப்போர்ட் வரும்போது குஞ்சு நாற்றங்காலில் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. அம்மோனியா, நைட்ரைட் முடிவை அன்றே போனில் சொல்ல வேண்டும், அச்சு ரிப்போர்ட் பின்னால் வரட்டும் என்று எழுதி வாங்குங்கள். மேனேஜர் நம்பரோடு, டெஸ்ட் செய்கிற கெமிஸ்ட்டின் நம்பரும் வேண்டும். ஒரு நாள் நேரில் போய் அவரைப் பாருங்கள். உங்கள் தண்ணீரில் என்ன வளர்கிறது என்று தெரிந்த கெமிஸ்ட், எண் வித்தியாசமாக வந்தால் தானாகவே இன்னொரு முறை பார்ப்பார்.

லேபைச் சோதிக்கவும் ஒரு வழி இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஒரே வாளித் தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்து, ஒன்றுக்குப் ‘பழைய போர்’, இன்னொன்றுக்கு ‘மூன்றாம் தொட்டி’ என்று பெயர் எழுதி அனுப்புங்கள். இரண்டும் பத்து சதவிகிதத்துக்குள் ஒத்துவந்தால் நிம்மதி. ஒன்று 0.2, மற்றது 0.9 என்று வந்தால் ரிப்போர்ட்டோடு போய் நில்லுங்கள். இதை ரகசியமாகச் செய்ய வேண்டியதுகூட இல்லை, அப்படிச் செய்வோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். நல்ல லேப் ஆட்சேபிக்காது. சாம்பிளின் மீதியை ரிப்போர்ட் கொடுத்த பின்னும் பதினைந்து நாள் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உலோகத்துக்கான அமிலம் விட்ட பாட்டில் அத்தனை நாள் கெடாது.

பூச்சிமருந்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வாய்க்கால் தண்ணீர் நெல் வயல்களைத் தாண்டித்தான் உங்கள் குளத்துக்கு வருகிறது. முதல் போக நெல்லுக்கு மருந்தடிக்கிற மாதமும் உங்கள் பொரிப்பு மாதமும் ஒன்றுதான். குளோர்பைரிஃபாஸ் என்ற மருந்துக்குக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். நன்னீர் மீன்களில் சில வகை ஒற்றை இலக்க மைக்ரோகிராமிலேயே செத்துப்போகும். இந்த டெஸ்டுக்குச் செலவு அதிகம், வாரா வாரம் செய்ய முடியாது. அதற்கு நம் கையிலேயே ஒரு வழி இருக்கிறது: குஞ்சு விடுவதற்கு முந்தின நாள் அந்தக் குளத்தில் ஒரு சின்ன ஹாப்பா (வலைத் தொட்டி) கட்டி நூறு குஞ்சை விட்டு 24 மணி நேரம் பாருங்கள். தொண்ணூற்றைந்துக்கு மேல் துள்ளிக்கொண்டிருந்தால் விடுங்கள். செத்தால், அப்போது கருநிறக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்து, பக்கத்து வயலில் என்ன மருந்து அடித்தார்கள் என்று டப்பா பெயரைக் கேட்டு, அந்த ஒரு மருந்துக்கு மட்டும் டெஸ்ட் கொடுங்கள். பெயர் தெரியாமல் எல்லாவற்றையும் தேடச் சொன்னால் பணம் கரையும்.

மீன்விதைச் சட்டப்படி உங்கள் பொரிப்பகத்தின் பதிவுக் கோப்பில் எந்த ரிப்போர்ட் இருக்க வேண்டும் என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். அதை லேபிடம் சொன்னால் தனிச் செலவில்லாமல் மே மாத டெஸ்டிலேயே சேர்த்துவிடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் புது போர் பைப்பைக் கழற்றி மறுபடி மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுங்கள். தொட்டி வாயில், ஓட்டை போட்ட தட்டுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக நான்கு அடுக்கி, தண்ணீர் மழை மாதிரி உதிர்ந்து விழும்படி செய்யுங்கள். வெல்டிங் பட்டறையில் சொன்னால் ஒரு நாள் வேலை. துத்தநாகப் பூச்சுத் தகடு மட்டும் வேண்டாம், பிளாஸ்டிக் தட்டு போதும். இரும்பு இருப்பதாகத் தெரிந்தால் கீழே ஒரு மணல் வடிகட்டி. தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால், தண்ணீர் திறக்கும் முன் குளோரின் கிட்டில் நிறம் வரவில்லை என்பதைப் பார்த்த பிறகே திறக்க வேண்டும்.

அது முடிந்ததும் ஒரு காலை 5 மணிக்கு, போர் வாயிலும் தட்டுக்குக் கீழேயும் பொரிப்புத் தொட்டியின் வெளிவாயிலும் ஆக்சிஜனும் பி.எச்.சும் அளந்து எழுதுங்கள். மே மாத ரிப்போர்ட் வந்தவுடன் அதையும் அந்த ஆறு எண்ணையும் ஒரே காகிதத்தில் எனக்கு அனுப்புங்கள். ஜூனில் முட்டையிட வைக்கத் தாய்மீனுக்கு ஊசி போடும் முன் பதில் எழுதுகிறேன்.